ஐயா, நாற்பது பைட்டு கொடுத்திருக்கோம்

மூணு பேர் கூடினால் ஒரு மூளையாவது தேறும் என்று நம்புகிறவர்கள் வேலம்பட்டிப் பக்கம் வந்ததே இல்லை.

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நேரம் காட்டும் மின்பலகைக்குப் புரோகிராம் எழுதியவர்கள் மூன்று பேர்: தலைவர் பிச்சாண்டி, அவர் கீழே அருளப்பன், மங்கையர்க்கரசி. பலகை வாரத்துக்கு மூணு தடவை செத்துப்போகும். தைப்பூசத்தன்றும் செத்தால் பிச்சாண்டிக்கு வேலை போச்சு என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரிடம் ஒவ்வொரு தடவையும் போய் பத்து பைட்டு, இருபது பைட்டு என்று மெமரி கேட்டு நிற்பது கௌரவக் குறைச்சலாம். அதனால் ஒரே அடியாகப் பெரிய பாளமாக வாங்கி, தாங்களே துண்டு போட்டுப் புரோகிராமுக்குக் கொடுத்தார்கள். புரோகிராமில் பிழை பிடிக்க ஒரு கருவி உண்டு, அதுவும் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு புரோகிராம்தான்; அதற்குப் பாளம் மட்டும்தான் தெரியும். உள்ளே நடக்கிற கூத்து தெரியாது. பலகை செத்துக் கிடக்கும், கருவியோ 'பிழை பூஜ்யம்' என்னும்.

தலைமை அலுவலக இன்ஜினீயர் சிவகாமி போனில் வழி சொன்னார்: "துண்டு கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் கருவிகிட்ட சொல்லிடுங்க."

மூவரும் திரைமுன் கூடினார்கள்.

"கருவிய நீன்னு சொல்லலாமா, நீங்கன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள் மங்கை.

"தப்பு கண்டுபிடிக்கிறவங்கள மரியாதையாத்தான் கூப்பிடணும்," என்றார் பிச்சாண்டி.

மதியம் வரை அருளப்பன் கம்ப்யூட்டர் முன் குனிந்து, "ஐயா, நாற்பது பைட்டு கொடுத்திருக்கோம்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐயா அசையவில்லை.

போனில் இதைக் கேட்ட சிவகாமி தலையில் அடித்துக்கொண்டு, புரோகிராமில் சேர்க்க இரண்டு வரி சொல்லிக்கொடுத்தார். சேர்த்து ஓட்டினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிழை.

"சும்மா இருந்ததுகிட்ட வாயக் கொடுத்துட்டோம்ணே," என்றான் அருளப்பன்.

மங்கை படித்தாள். "திருப்பி வாங்கின துண்ட புரோகிராம் மறுபடி தொடுதாம்."

"அப்ப திருப்பி வாங்காதீங்க," என்றார் பிச்சாண்டி.

"கொடுத்த அளவையும் தாண்டிப் போகுதாம்."

பிச்சாண்டி மேசையைத் தட்டினார். "அப்ப கொடுக்கவே வேணாம்."

பிழை பூஜ்யமானது. பலகை எரிகிறதா என்று பார்க்காமலே பக்கோடா வாங்கிக் கொண்டாடினார்கள்.

தைப்பூசத்தன்று காலை புரோகிராம் மெமரி கேட்டது. ஒரு பைட்டும் கிடைக்கவில்லை. பலகை கன்னங்கரேலென்று நின்றது, கீழே காவடிக் கூட்டம். பிச்சாண்டியை ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டார் மேனேஜர். "கூட்டம் கலையற வரைக்கும் நீதான்யா பலகை. வாய மூடினா வேலை போச்சு."

"பழனி எட்டே காலு! திண்டுக்கல் எட்டரை!" என்று கத்த ஆரம்பித்தவருக்குப் பதினொரு மணிக்கெல்லாம் தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. கண்ணில் நீர் முட்ட, தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

அருளப்பன் பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்து, கருவியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"பிழை பூஜ்யம்ணே. உங்களுக்கு ஒண்ணுமில்ல, கத்துங்க."