வேங்கையின் அடிக்கட்டை

"நேற்று வந்தவளுக்குக் கேட்கிறது. எனக்கு ஏன் கேட்கவில்லை?"

மாறப்பன் இப்படிக் கேட்டபோது நீலாயி அம்மை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். குரு என்றாலும் அவனைவிடப் பத்து வயது இளையவர்.

அவரிடம் பாடம் கேட்க அவன் அந்தக் காட்டுக்கு வந்து ஒன்பது வருடம். அதற்குமுன் மரவாடியில் மேஸ்திரி. பலகையை முகர்ந்தே இன்ன மரம் என்று சொல்லிவிடுவான்.

பூவாத்தா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எழுத்து தெரியாது. ஒருநாள் மரத்தில் கை வைத்தவள், இவை தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்றாள். அம்மை தலையாட்டினார். அன்றிலிருந்து மாறப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

பாடம் வெயில் ஏறிய பிறகுதான் என்று ஒருமுறை அவளிடம் பொய் சொன்னான். அவள் பிந்தி வந்தாள். அம்மை அவளுக்காக முதலிலிருந்து தொடங்கினார்.



இப்போது அவன் கேட்டதும் அம்மை முறத்தைக் கீழே வைத்தார். ஓடைக்கரையில் இருக்கும் வேங்கையின் அடிக்கட்டையைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

பார்த்திருந்தான். யாரோ எப்போதோ வெட்டிப்போட்ட மரம். ஒன்பது வருடத்தில் அதில் ஒரு தளிர் கண்டதில்லை. செத்த கட்டை என்றான்.

"கீறிப் பார்."

போய்க் கத்தியால் கீறினான். பட்டைக்கு அடியில் பச்சை. நாக்கில் வைத்துப் பார்த்தான். ஈரம்.

மரவாடியில் கழித்த இருபது வருடத்தில் அப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை. இலையே இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறது என்று ஓடிவந்து கேட்டான்.

"தோண்டிப் பார்."

இரண்டு நாள் தோண்டினான். பூவாத்தா மண்வெட்டியோடு உதவிக்கு வந்தாள். இது எனக்கு இட்ட வேலை என்று அவளைத் திருப்பி அனுப்பினான்.

மூன்றாம் நாள் காலையில் வேர்கள் தெரிந்தன. சுற்றி நின்ற நான்கு வேங்கைகளின் வேர்களும் மண்ணுக்குள் நீண்டுவந்து, கட்டையின் வேரோடு ஒட்டி ஒன்றாகியிருந்தன.

மண் படிந்த கையோடு வந்து நின்றான். பூவாத்தாவும் அங்கே இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னான்.

"கண்டுகொண்டேன் அம்மா. அந்தக் கட்டையின் தேவை நான்கு மரங்களுக்கும் தெரிந்திருக்கிறது. வேர்வழியே ஊட்டுகின்றன."

"நான்கில் எது அதிகம் ஊட்டுகிறது?"

அவன் யோசிக்கவில்லை. திரும்பிப்போய்க் குழியில் இறங்கினான்.

ஒவ்வொரு வேராக விரலால் தடவிக்கொண்டே போனான். ஒட்டிய இடத்தில் ஒரு தழும்புகூட இல்லை. முகர்ந்தான். எல்லாம் ஒரே மணம். இது இந்த மரத்தினுடையது என்று பிடித்த வேர் நாலு விரற்கடை தாண்டியதும் அடுத்ததில் கலந்துபோனது.

உச்சிப் பொழுது கடந்தது. குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். யாருக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று இத்தனை நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த சத்தம் அப்போதுதான் அவனுக்கே கேட்டது.

வெயில் தாழ்ந்ததும் ஏறி வந்தான். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

"தெரியவில்லை அம்மா. எது யாருடைய வேர் என்றே பிரிக்க முடியவில்லை."

"அந்த மரங்களுக்கும் தெரியாது," என்றார் அம்மை.