விரட்டப்பட்ட ஆயர்

இன்னாசி அண்ணாச்சிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். தலை நரைத்ததே தவிர கோபம் நரைக்கவில்லை. அப்பேர்ப்பட்டவர் தன் மகள் வயசுள்ள செல்லக்கனி டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு செஸ் படித்தார் என்றால், சும்மாவா?

காரணத்தின் பேர் தொம்மை.

தொம்மையும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் பங்குச் சாமியார் சந்தியாகுதான் இரண்டு பேருக்கும் செஸ் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பிடித்த தொடக்கம் ஒன்றே ஒன்று. ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் ஒருவர் பேரில் வழங்குகிற பழைய தொடக்கம் அது. பையன்கள் அதைச் 'சாமியார் ஆட்டம்' ஆக்கிவிட்டார்கள். ஊரெல்லாம் மந்திரி என்கிற காய்க்கு அவர்கள் வைத்த பேர் ஆயர். இங்கிலீஷில் அது பிஷப்தானே, அப்புறம் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைகள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்!

இரண்டு பேரும் துறைமுக வேலைக்குப் போன பிறகும் ஆட்டம் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உப்பு மூட்டை மேல் பலகை விரியும். ஒரு குதிரை கடலில் விழுந்துவிட்டதால் அதன் இடத்தில் ஒரு சிப்பி நிற்கும். தொம்மை கொண்டு வருகிற மீன் குழம்பில் பாதி இன்னாசிக்குத்தான். அடடா, அது ஒரு காலம்!

அப்புறம் ஒரு கோயில் திருவிழாவில், நாலு பேர் பார்க்க ஆடும்போது, "ஏலே, உனக்கு ஆயரை வச்சு ஆடத் தெரியலலே" என்று தொம்மை சிரித்துவிட்டான். இன்னாசி பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நின்றபடியே கிடக்கிறது. இப்போது தொம்மை வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு கோயம்புத்தூர் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வண்டி. அதற்குள் ஒரு ஆட்டம் அவனோடு உட்கார்ந்துவிட வேண்டும், அதுவும் ஆயரை ஒழுங்காக வைத்து ஆட வேண்டும் என்பதுதான் இன்னாசியின் ஆசை.

"ஆடுங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர், தன் வீட்டுத் திண்ணையில் பலகையை விரித்து.

இன்னாசி ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். டீச்சரும் அப்படியே செய்தார். இன்னாசியின் குதிரை வந்து அந்தச் சிப்பாய்க்குக் குறி வைத்தது. டீச்சரின் குதிரை வந்து அதற்குக் காவல் நின்றது. இன்னாசி ஆயரைக் கொண்டுபோய் அந்தக் காவல் குதிரையைக் கோணலாகப் பார்க்கும்படி நிறுத்தினார்.

டீச்சர் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அது ஆயரை வெட்டுகிற மாதிரி நின்றது.

"பாத்தியளா! ஒரு பொடிப்பய, ஆயரைப் பாத்து எந்திரிங்கான்!"

டொக்கென்று குதிரையை வெட்டினார் இன்னாசி. வெட்டிய ஆயரை டீச்சர் வெட்டினார். ஆயர் போய்ச் சேர்ந்தார்.

"குதிரையை வெட்டுறது தப்பில்ல அண்ணாச்சி. யோசிச்சு வெட்டினா அது ஒரு ஆட்டம். நீங்க எப்பவும் கோபத்துலல்லா வெட்டுதிய."

"பின்னே? சிப்பாய்க்குப் பயந்து ஓடச் சொல்லுதியளா?"

டீச்சர் காய்களைப் பழைய இடத்தில் அடுக்கினார்.

"நேத்து தொம்மை வீட்டுக்குப் போனேன் டீச்சர்," என்றார் இன்னாசி, பலகையைப் பார்த்தபடியே.

"பேசுனியளா?"

"எங்க பேச? வாசல்லயே அவன் மருமக நிக்கா. மாமா தூங்குதாவ, பொறவு வாங்கன்னுட்டா. என்னையப் பாத்து! அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போய் வந்தவன் நான். நேத்து வந்த பிள்ளை என்னைய வாசல்ல நிறுத்துது. இனி இந்தப் படியை மிதிச்சா எம்பேரு இன்னாசி இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சத்தமாவா சொன்னிய?"

"தெருவே கேட்டுச்சு."

"தொம்மை அண்ணாச்சிக்கு?"

"அவன்தான் தூங்குதானே!" என்றார் இன்னாசி. சொன்ன பிறகுதான், தெருவே கேட்டது அவனுக்கு மட்டும் கேட்காமலா இருந்திருக்கும் என்று அவருக்கு உறைத்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி ஆடச் சொன்னார். சிப்பாய், குதிரை, ஆயர் என்று ஆட்டம் அதே இடத்துக்கு வந்தது. ஓரத்துச் சிப்பாயும் முன்னால் வந்து நின்றது. இன்னாசியின் கை ஆயரை எடுத்து டீச்சரின் குதிரையை வெட்டத் தானாகப் போனது. டீச்சர் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, ஆயரைத் தானே எடுத்து ஒரு கட்டம் பின்னால், பலகை ஓரத்தில் வைத்தார்.

"இது தோத்து ஓடுறதுல்லா?"

"இப்ப இவரு யாரைப் பாக்காரு?"

இன்னாசி ஆயரிலிருந்து கோணலாக விரலை ஓட்டினார். "குதிரையைத்தான்."

"முன்னால நின்னப்ப?"

"அதே குதிரையைத்தான்."

"சிப்பாய் இவரை வெட்டுமா இப்ப?"

"எட்டாது."

"அப்ப என்ன குறைஞ்சுபோச்சு?"

இன்னாசி மோவாயைச் சொறிந்தார். பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒன்றும் குறைந்த மாதிரி இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"மரியாதை," என்றார் கடைசியில்.

டீச்சர் பலகையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அந்த மரியாதை எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு காட்டுங்க அண்ணாச்சி. நானும் ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

இன்னாசி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தொம்மை வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தார்.