கடலடிக்குப் போன மந்திரியும் தோணியில் இருந்த சாத்தப்பனும்

மணற்கோட்டையை ஆண்ட மகரவர்ம ராஜாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. வேட்டையும் இல்லை, நாட்டியமும் இல்லை, வேட ஆட்டம். சாப்பாடு முடிந்ததும் பலகையைப் போட்டுச் சுற்றி உட்காருவார்கள். ராஜா மாவீரனாவார், மந்திரி திருமேனியார் மந்திரவாதியாவார். வேடம் எல்லாம் வாயளவில்தான்! ஒருவன், "இதோ காடு, இதோ பூதம்" என்று கதை சொல்வான். மற்றவர்கள், "வெட்டுகிறேன்", "ஓடுகிறேன்" என்று சொல்லிச் சோழி உருட்டுவார்கள். சோழி நன்றாக விழுந்தால் பூதம் சாகும், இல்லாவிட்டால் இவர்கள்.

கதை சொல்லும் உத்தியோகம் சாத்தப்பனுடையது. அவனுக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதான். வாளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிவான், குதிரையைப் பார்த்தால் திண்ணையில் ஏறிவிடுவான். "இந்த உத்தியோகம் போனால் என்னைப் பூசணித் தோட்டத்துப் பொம்மையாகக்கூட யாரும் வைக்கமாட்டார்கள், காக்கையைக் கண்டாலும் எனக்குப் பயம்" என்று அவனே சொல்லிக்கொண்டு திரிவான்.

அந்த இடத்தின் மேல்தான் மந்திரிக்குக் கண். தன் மைத்துனனை அங்கே உட்கார வைக்க வேண்டும். அதற்காக எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார். கதையில் சாத்தப்பனும் சின்னதாக ஒரு சமையற்காரன் வேடம் வைத்திருந்தான். ஒருநாள் அவன் மடியில் பல்லி விழுந்தது. "ஐயோ, செத்தேன்!" என்று அலறிவிட்டான்.

"பலகை முன்னால் சொன்னது செய்தது மாதிரி. அதுதானே வழக்கம்? செத்தவன் செத்தவன்தான்!" என்றார் மந்திரி. ராஜாவும் ஆமோதித்தார். பாவம், பூதத்துக்குத் தப்பிய சமையற்காரன் பல்லிக்குப் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் ராஜா வரும்போதே, "சாத்தப்பா, இன்றைக்குக் கடலடிக்குப் போகிறோம்! நிஜமாகத் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும்" என்றார்.

மந்திரி விடுவாரா? "அப்படி இல்லாவிட்டால் இவன் எழுந்து போகட்டும். என் மைத்துனன் உட்காரட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

முழங்காலுக்கு மேல் கடல் எப்படி இருக்கும் என்றே சாத்தப்பனுக்குத் தெரியாது. எப்படியோ ஆரம்பித்தான்.

"தோணி நடுக்கடலுக்கு வந்தாச்சு. மாவீரர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார்."

"நானும் குதிக்கிறேன்" என்றார் மந்திரி. "நீ?"

"நான் புதிதாகத் தோணிக்காரன் வேடம். தோணியிலேயே இருக்கிறேன். கயிறு பிடிக்க ஆள் வேண்டாமா?"

சபையே சிரித்தது. "கதையில்கூடக் கால் நனைக்கமாட்டான் போலிருக்கிறது!" என்றார் மந்திரி.

"என்ன செய்ய? எனக்குக் கதையிலும் நீச்சல் தெரியாது."

ராஜா ஆட்டமென்று வந்துவிட்டால் ஆட்டம்தான். கன்னத்தை உப்பிக்கொண்டு நிஜமாகவே மூச்சைப் பிடித்துவிட்டார். மூக்கு வழியாகக் கொஞ்சம் திருட்டுத்தனம் நடந்ததோ என்னவோ, நமக்கெதற்கு!

"கீழே பவள மாளிகை. வாசலில் விளக்கு எரிகிறது..."

"தண்ணீருக்குள் விளக்கு எப்படி எரியும்?" என்று குறுக்கிட்டார் மந்திரி.

"அது... மந்திர விளக்கு."

"வாளை எப்படி வீசுவது? தண்ணீர் தடுக்காதா?"

"அது வந்து..."

உத்தியோகம் போயே போச்சு என்று சாத்தப்பன் பரிதாபமாக ராஜாவைப் பார்த்தான். அவர் முகம் செக்கச்செவேலென்று உப்பியிருந்தது. உதடு திறக்கவில்லை. அந்த உப்பின கன்னத்தைப் பார்த்ததும் சாத்தப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மந்திரியாரே, இன்னும் ஏதாவது உண்டா?"

"ஏன் இல்லை? அம்பு எப்படிப் பாயும்? ஆழத்தில் கண் எப்படித் தெரியும்?"

"அவ்வளவுதானே? சரி. மந்திரவாதி செத்துப்போனார்."

"என்னது!"

"தண்ணீருக்குள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? மாவீரரைப் பாருங்கள், மூச்சு காட்டவில்லை. நீங்களோ விளக்குக்கு ஒரு வாய், வாளுக்கு ஒரு வாய் என்று பாதிக் கடலைக் குடித்துவிட்டீர்கள்."

"நான் சபையில் அல்லவா பேசினேன்!"

"பலகை முன்னால் பேசினீர்கள். என் சமையற்காரனுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?"

"அடேய், நீயும்தான் பேசிக்கொண்டே இருந்தாய்! நீயும் செத்தாய்!"

"நான்தான் பயந்தாங்கொள்ளியாய்த் தோணியில் இருக்கிறேனே! நீங்கள்கூடச் சிரித்தீர்களே, ஐயா!"

மூச்சு முட்டிப்போய் ராஜா கையைக் காலை ஆட்டினார். "இதோ கயிற்றை இழுத்துவிட்டேன், மேலே வந்தாச்சு! மூச்சு விடலாம், மகாராஜா!" என்றான் சாத்தப்பன்.

புஸ்ஸென்று மூச்சை விட்ட ராஜா, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"திருமேனியாரே, செத்தவர் செத்தவர்தான். பலகையை விட்டுத் தள்ளி உட்காரும். சாத்தப்பா, அப்படியே தண்ணீருக்குள் இருந்தேனடா! உன் உத்தியோகம் உனக்கே. பரிசும் உண்டு. நாளைக் காலையில் என்னோடு நிஜக் கடலில் நீந்த வா. என்னோடு நீந்தும் மரியாதை இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை!"

சாத்தப்பன் முகம் வெளிறிவிட்டது. மெல்ல நகர்ந்து மந்திரியின் காதருகே போனான்.

"ஐயா, உங்கள் மைத்துனருக்கு நீச்சல் தெரியுமா?"