சோப்புப் போட்ட குட்டி

ஒரு ஊர்ல ஒரு சிட்டம்மா. ராணியெல்லாம் இல்ல, சும்மா சிட்டம்மா. ம் கொட்டு, இல்லன்னா நிறுத்திருவேன்.

பொண்டாட்டி செத்துப்போன ஒருத்தனுக்கு ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டு வந்தா. மூத்தவ விட்டுட்டுப் போன மக ஒருத்தி, பவுனு, சின்னப் பிள்ளை. சிட்டம்மா சோறு ஊட்டினா வாயத் தொறக்காது. கூப்பிட்டா கதவுக்குப் பின்னால போய் நிக்கும். ‘பெத்தவள மறந்தாத்தான் இது எம்பிள்ளை ஆகும்’னு நினைச்சா சிட்டம்மா. மூத்தவ பேச்சை வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னுட்டா. பிள்ளை இன்னும் தள்ளிப் போச்சு.

அப்புறம் ஒரு நாள் காலையில அவ வளத்த செவலை ஆடு அப்பத்தான் போட்ட பச்சைக் குட்டி சாணிக்குழியில விழுந்துருச்சு. தொபுக்! கழுத்து வரைக்கும் சாணி. “மே... மே...” சிட்டம்மா குழியில எறங்கித் தூக்கினா. வெந்நீர் வச்சு, சோப்புப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சா. குட்டி கமகமன்னு மணந்துச்சு.

அப்புறம் தாய்கிட்ட விட்டா. தாய் மோந்துச்சு. தும்முச்சு. பொத்துனு ஒரு முட்டு. என் குட்டி இல்லன்னுருச்சு.

பக்கத்து வீட்டு ராக்கு சுவத்துக்கு மேல எட்டிப் பாத்தா. “சோப்பா போட்ட? குட்டிய என்ன பொண்ணு பாக்க வராகளா?”

“பேசாம வந்து ஆட்டப் பிடி, அக்கா.”

ராக்கு கொம்பைப் பிடிச்சா. குட்டி மடியில வாய் வச்சதும் படார்னு ஒரு ஒதை. ஒண்ணு ஆச்சா? அப்புறம் சங்குல பால் புகட்டினாங்க. துப்பிருச்சு. ரெண்டு. வெயில் ஏறுது. குட்டிக்குக் கத்தக்கூடத் தெம்பில்ல, கால மடக்கிப் படுத்துருச்சு.

“சாயங்காலம் வரைக்கும் தாங்காதுடி.”

சிட்டம்மா ஆட்டையே பாத்தா. அது கண்ணால பாத்து ஒதைக்கல. மோந்துட்டுத்தான் ஒதைக்குது. குட்டியோட வாசத்தை நாமதான கழுவி விட்டோம்! செவலைகிட்ட கொஞ்சம் பால் பீச்சி, குட்டிக்குத் தலையில இருந்து வால் வரைக்கும் பூசினா. மூணு. தூங்கிட்டியா? ம்.

செவலை மோந்துச்சு. திரும்பவும் மோந்துச்சு. தொண்டைக்குள்ள கொர்ர்னு ஒரு சத்தம். அப்புறம் நக்குச்சு, சளக் சளக். குட்டி எந்திரிச்சு மடியில முட்டுச்சு, சப் சப்.

“பொழச்சுது போ”ன்னுட்டு ராக்கு போயிட்டா.

சிட்டம்மா துவைக்க உக்காந்தா. அழுக்குத் துணியோட மூத்தவ சேலை ஒண்ணு. பவுனு தெனமும் தலைக்கு வச்சுப் படுக்கிறது. நாறுதேன்னு அன்னிக்குத்தான் சிட்டம்மா எடுத்துப் போட்டிருந்தா. தண்ணியில முக்கப் போன கை நின்னுருச்சு. எடுத்துட்டுப் போய்ப் பவுனு உக்காந்திருந்த பாயில வச்சா.

பவுனு சந்தேகமாப் பாத்துச்சு. “துவைக்கலையா?”

“இல்ல. துவைச்சா உங்கம்மா வாசம் போயிரும்.”

பவுனு மோந்துச்சு. “எண்ணெய் வாசம். அம்மா தலைக்கு வழிய வழிய வைக்கும்.”

“அப்படியா! அப்புறம்?”

“அப்புறம், வெயில்ல நின்னா நெத்தியில ஒழுகும். நான் தொடச்சுவிடுவேன்.”

சிட்டம்மா சிரிச்சுட்டா. மூத்தவளும் இந்த வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும், நமக்கென்ன எடம் பத்தாமலா போகுதுன்னு தோணுச்சு. பவுனு கொஞ்சம் நகர்ந்து பாயைத் தட்டுச்சு.

“நின்னுக்கிட்டேவா கேப்ப? உக்காரு.”

சிட்டம்மா உக்காந்தா.

அவ்வளவுதான். ஆடும் படுத்துருச்சு, குட்டியும் படுத்துருச்சு. உனக்கு மட்டும் என்ன? கண்ண மூடு.