அன்றைக்குப் போட்ட கையெழுத்து

புளிச்சங்குளத்துக்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பேங்குக்குப் பக்கத்தில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடை ஓடுவதே அவர்களால்தான். எந்தக் காகிதம் கேட்டாலும் ஏழு நகல் எடுப்பார்கள். ஏழையும் தொலைத்துவிட்டு மறுபடி வருவார்கள். நல்ல மனுஷர்கள், சூதுவாது தெரியாது. சொன்னால் சொன்னபடி அப்படியே செய்வார்கள். அதுதான் சிக்கலே.

அந்த ஊர்க் குடிதண்ணீர் மோட்டாருக்கு ஒரு கமிட்டி உண்டு. கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஒச்சப்பன், எதையும் யோசித்துச் செய்கிறவர் என்று பேர் வாங்கியவர். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதற்குத்தான் ஆள் கிடையாது. அடுத்தவன் மாயழகு, ஒச்சப்பனுக்கு மருமகன் முறை. மூன்றாவது தங்கமாயி, வீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று மாதாமாதம் வசூல் பண்ணுகிற அம்மா. வசூலான பணத்தை மூவர் பேரிலும் பேங்கில் போட்டிருந்தார்கள். எடுக்க வேண்டுமானால் மூவரும் செக்கில் கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷம் கணக்கு ஆரம்பித்ததோடு சரி, எடுக்கிற தேவையே வரவில்லை.

இந்தச் சித்திரையில் மோட்டார் புகைந்துவிட்டது. டவுனில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடைக்காரர் சரி பண்ணி வைத்துவிட்டு, பதினெட்டாயிரத்தை வைத்தால்தான் மோட்டாரைத் தொட விடுவேன் என்றார். ஐந்து நாளாக ஊரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர்க்கூட்டத்தில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மோட்டார் வரவில்லையென்றால், மலையடிவாரத்துக் கிணற்றிலிருந்து நூற்று நாற்பது வீட்டுக்கும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரே குடம் சுமக்க வேண்டும். மாயழகுக்கு அப்போதே தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பேங்க் திறக்கும்போதே வந்து நின்றார்கள். கவுண்டரில் இருந்த கிளார்க் கம்ப்யூட்டரையும் செக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்று கையெழுத்தில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை.

"கணக்கு ஆரம்பிச்ச அன்னைக்கு எப்படிப் போட்டீங்களோ, அப்படியே போட்டுக் கொண்டாங்க" என்று செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மூவரும் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒச்சப்பன் கண்ணை மூடி யோசித்தார்.

"அன்னைக்கு என் கால்ல முள்ளு ஏறியிருந்துச்சு. ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டுப் போட்டேன். இன்னைக்கு ரெண்டு காலையும் ஊனி நின்னுட்டேன். பெறகு எப்படி ஒத்துப்போகும்?"

மாயழகுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவனுக்கு விக்கல், கையெழுத்து இரண்டு இடத்தில் எகிறிக் குதித்திருந்தது. தங்கமாயி சந்தையில் வாங்கிய செவலைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போட்டிருக்கிறார். கடைசி எழுத்தில் கோழி கொத்திவிட, கோடு பேங்கின் கையெழுத்து அட்டை ஓரம்வரை போய்விட்டது.

"அப்ப அந்தக் கோழி வேணும்" என்றார் ஒச்சப்பன்.

"அதுக்கு எங்கண்ணே போறது? உங்க பேரன் காதுகுத்துக்குக் கொழம்பு வச்சது அதத்தான். ரெண்டு தொடையும் நீங்கதான் தின்னீங்க" என்றார் தங்கமாயி.

ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நான் பொறுக்கமாட்டாமல், நிதானமாக எழுத்துக் கூட்டிப் போட்டாலே போதுமே என்றேன். படிக்காதவனைப் பார்ப்பதுபோல என்னை மூன்று பேரும் பார்த்தார்கள்.

வழி கண்டுபிடித்தவன் மாயழகு. கணக்கு வைத்திருந்தவர் இறந்துபோனால் இறப்புச் சான்றிதழோடு வாரிசு வரலாம் என்று பேங்கில் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். செவலைக்கோழிக்கு ஒரு மகள் உண்டு, தங்கமாயி வீட்டுக் கூண்டில்தான் இருக்கிறது. அந்த அம்மா பதினோரு மணி மினி பஸ்ஸைப் பிடித்து வாரிசைக் கூட்டிவரப் போனார்.

ஒச்சப்பன் பேங்குக்குப் பின்னால் போய் ஒரு கருவேல முள்ளை ஒடித்து வந்தார். அன்றைக்கு முள் ஏறியது வலது காலா இடது காலா என்பதில் அரைமணி நேரம் வாக்குவாதம். முடிவாகவில்லை. எதற்கு வம்பு என்று இரண்டு காலிலும் ஏற்றிக்கொண்டார். அதன்பிறகுதான் எந்தக் காலில் நிற்பது என்ற கேள்வி வந்தது.

மாயழகு விக்கலுக்காகப் பொட்டுக்கடலையைத் தண்ணீரில்லாமல் தின்றான். அரைக்கிலோ உள்ளே போனபிறகு ஒரு மணி வாக்கில் விக்கல் வந்தது. பாவி நான், கண்முழி பிதுங்குகிறதே என்று ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டேன். விக்கல் நின்றுபோனது. குடிகெடுத்தீங்களே என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு அரைக்கிலோ வாங்கப் போனான். ஒரு மாசம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

கோழி வந்தது. இறப்புச் சான்றிதழ்? கோழிக்கெல்லாம் வி.ஏ.ஓ. கொடுக்கமாட்டார் என்று நான் சொன்னதும், ஒச்சப்பன் தானே சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். "மேற்படி செவலைக்கோழியை நான் உண்டது உண்மை. இந்த வெடைக்கோழி தவிர அதற்கு வேறு வாரிசு கிடையாது." சாட்சிக் கையெழுத்து இரண்டு, ஒன்று மாயழகு, இன்னொன்று நான். வேறென்ன செய்ய, ஏழு நகலுக்குக் காசு கொடுத்தார்களே.

மூன்று மணிக்கு உள்ளே போனார்கள். இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஒச்சப்பன், விக்கிக்கொண்டு மாயழகு, கோழியோடு தங்கமாயி. வாசலில் தடுத்த காவலாளியிடம் காகிதத்தைக் காட்டினார்கள். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வெடைக்கோழி பரம சாது. கொத்தவில்லை. தங்கமாயி இடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அது பேனாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. அப்பன் குணம்போல என்றான் மாயழகு, விக்கலுக்கு நடுவில். இரண்டு செக் வீணாய்ப் போயிற்று. மணி மூன்றரை. தங்கமாயிக்குக் கண் கலங்கிவிட்டது. நூற்று நாற்பது வீடு என்றால் சும்மாவா, அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே முட்டிவலி.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். ஜெபக்கனி என்று பேர், தூத்துக்குடிப் பக்கத்து அம்மா. கதை முழுவதையும் சிரிக்காமல் கேட்டார். அதற்கே அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம். வருஷம் போனால் கையெழுத்து மாறுவது சகஜம்தான், அதற்கென்று ஒரு ஃபாரம் இருக்கிறது, ஆதாரைக் காட்டிப் புதுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். முள்ளை எடுக்கச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கோழியைக் காவலாளியிடம் ஒப்படைத்தார். பக்கத்திலேயே நின்று மூவரையும் நிதானமாகப் போட வைத்தார். முடிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இனிமே எப்பவும் இன்னைக்குப் போட்ட மாதிரியே போடுங்க. ஒரு பிரச்சினையும் வராது."

பணம் கைக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் மோட்டாரை இறக்கிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்துத் தங்கமாயி அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். கேட்டபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தை மாசம் மோட்டார் மறுபடி உறுமத் தொடங்கியது. இன்றோ நாளையோ புகைந்துவிடும் என்ற நிலைமை. அந்த வாரம் பார்த்து மேனேஜருக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்தது.

மறுநாள் காலையில் புளிச்சங்குளமே குடத்தோடு வந்து மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மேனேஜரை மாற்றாதே என்று அட்டை வேறு. பஸ் நகரவில்லை, போலீஸ் பேசியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பேங்கின் பெரிய அதிகாரியே காரில் வந்தார். மேனேஜரை மாற்றச் சொல்லி மறியல் பண்ணிப் பார்த்திருக்கிறேன், மாற்றக்கூடாது என்று பண்ணி என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று அசந்துபோனார். மாற்றலை ஒரு வருஷம் தள்ளி வைப்பதாக ரோட்டிலேயே சொன்னார்.

ஜெபக்கனி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "நான் உங்களுக்கு அப்படி என்னங்க செஞ்சுட்டேன்?" என்றார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் தாயி" என்றார் ஒச்சப்பன். "அன்னைக்கு நாங்க கையெழுத்துப் போடையில எங்களுக்கு வலப்பக்கமா நின்னீங்க. செக்கு கொண்டாரப்பல்லாம் அப்படியே வந்து நின்னாப் போதும்."

மேனேஜர் கும்பிட்ட கையை மெதுவாக இறக்கினார். தங்கமாயி மெல்லப் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல், கவலையோடு விசாரித்தார்.

"அன்னைக்குக் கட்டியிருந்தீங்களே நீலச் சேலை, அதை யாருக்கும் குடுத்துடலையே மேடம்?"