குட்டப்பனின் முழங்கை

அறுபத்தெட்டாம் ஆண்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி. ஆறு அணிகள், ஐந்து நாள். தோற்றவன் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடும் ஆடியாக வேண்டும். அதிக வெற்றி யாருக்கோ அவர்களுக்குக் கோப்பை.

எங்கள் கேப்டன் செங்கோடனுக்குப் படிப்பில் அது கடைசி வருடம். இரண்டு முறை கோப்பையை அடுத்தவன் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து வயிறெரிந்தவன். இந்த முறையும் விட்டால் அவனுக்கு இனி கிடையாது. நான் பெஞ்சில் உட்காரும் ஆட்டக்காரன். அதனால் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தேன்.

முதல் ஆட்டம், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அணியோடு. ஆறில் அதுதான் நோஞ்சான். சொல்லிக்கொடுக்க மாஸ்டர்கூட இல்லை. துணைக்கு வந்திருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். அவர் ஆட்டத்தைவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசி நொடிகளில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். எங்கள் ஆள் ஒருவன் அவர்களுடைய குட்டப்பனை இடித்துவிட்டான். பெயர்தான் குட்டப்பன், ஆள் ஆறேகால் அடி. அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ; யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று வளையத்தில் போடலாம், விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அதற்கு முன்னால் போட்ட ஆறும் வெளியே போயிருந்தன. ஜெயித்தாகிவிட்டது என்று நாங்கள் துண்டைத் தேடினோம்.

எங்கள் அருளப்பன் மாஸ்டர் எழுந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

“தம்பி, முழங்கை வெளிய போகுது பாரு. உள்ள கொண்டா.”

குட்டப்பன் திரும்பிப் பார்த்தான். முழங்கையை உள்ளே கொண்டுவந்தான். இரண்டும் விழுந்தன. ஒரு புள்ளியில் தோற்றோம்.

செங்கோடன் குழாயடியில் முகம் கழுவிவிட்டு நேராக அவரிடம் வந்தான்.

“மாஸ்டர், அவன் என்ன கலர் பனியன் போட்டிருந்தான்?”

“கவனிக்கலையேப்பா.”

“நீங்க எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடுங்க.”

“நீ இன்னிக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ விட்ட?”

செங்கோடன் தரையைப் பார்த்தான். “அஞ்சு.”

“காலையில ஆறு மணிக்கு வா.”

வந்தான். நாலு நாளும் வந்தான். அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் சொன்னபடி போட்டான். குட்டப்பனைத் திட்டாமல் ஒரு பந்தும் போடவில்லை. மீதி நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தோம். இருப்பதிலேயே பலமான வடக்கத்தி அணியைச் சாய்த்ததும் செங்கோடனின் ஃப்ரீ த்ரோதான்.

கடைசி நாள் மாலை ஒரே ஒரு ஆட்டம் மிச்சம். அதே வடக்கத்தி அணியும் குட்டப்பன் அணியும். வடக்கத்திக்காரர்கள் எங்களிடம் மட்டும்தான் தோற்றிருந்தார்கள். இதில் ஜெயித்தால் அவர்களுக்கும் நான்கு வெற்றி. அப்போது மொத்தப் புள்ளியில் யார் முன்னால் என்று பார்ப்பார்கள், அதில் அவர்கள் எங்களைவிட எங்கேயோ இருந்தார்கள். தோற்றால் கோப்பை எங்களுக்கு. குட்டப்பன் அணியோ எங்களை ஜெயித்ததைத் தவிர வேறு ஒன்றிலும் ஜெயிக்கவில்லை.

“போச்சு,” என்றான் செங்கோடன்.

ஆனால் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து நொடி இருக்கும்போது ஒரு புள்ளி பின்னால். குட்டப்பனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அவன் கோட்டில் வந்து நின்று பந்தை வேட்டியில் துடைப்பதுபோல வயிற்றில் துடைத்துக்கொண்டான்.

செங்கோடன் எழுந்து தொண்டை கிழியக் கத்தினான்.

“குட்டப்பா! முழங்கை! முழங்கை உள்ள!”

முதல் பந்து சுத்தமாக விழுந்தது. இரண்டாவது வளையத்தில் தட்டி, யோசித்து, விழுந்தது. மிச்ச நொடிகளில் வடக்கத்திக்காரர்கள் அவசரமாக எறிந்தது வெளியே போனது, ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். செங்கோடன் வெட்கமில்லாமல் அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை.

மேசையில் கோப்பையை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். செங்கோடன் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாஸ்டர், குட்டப்பன் கையாலதான் நமக்குக் கோப்பைன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கென்ன ஜோசியமா தெரியும்?”

அவர் கோப்பையைப் பார்க்கவில்லை. மைதானத்தில் தன் ஆட்களின் தோள்மேல் போய்க்கொண்டிருந்த குட்டப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

“எங்க மாஸ்டர் கிளம்பிட்டீங்க? கூப்பிடறாங்க.”

“நீ போய் வாங்கிக்க. ரெண்டாவது பந்துக்கு அவன் முழங்கை மறுபடி விலகிடுச்சு, சொல்லிட்டு வந்துடறேன். அடுத்த வருஷம் நம்ம பசங்க அவன்கூட ஆடணும்ல?”