கரித்துண்டு போடாத கஞ்சி

கண்ண மூடிக்கோட்டி செண்பகம். உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுல இருந்து நீ "எனக்கொண்ணும் பயமில்ல, பயமில்ல"ன்னு சொல்லிக்கிட்டே திரியுதே. அத்தை சொல்லுறேன், அப்படிச் சொன்ன ஒருத்தி கதையக் கேளு. "ம்" கொட்டணும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு பேச்சியம்மா இருந்தா. உன் வயசுதான். அவ அப்பா பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளத்துல உப்பு வாருறவரு. விடியமுன்ன வெறும் வயித்தோட போயிருவாரு. உச்சி வெயிலுக்குக் கஞ்சி வரலைன்னா மயங்கி விழுந்துருவாரு. முந்தின நாளும் விழுந்தாரு.

அன்னைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால பேச்சியே கஞ்சிச் சட்டியத் தலையில வச்சுக்கிட்டுக் கிளம்பினா. உச்சி நேரத்துல சோறு கொண்டு போனா பேய் பிசாசு ஏதாச்சும் பின்னாடி வந்துரும்னு அதுல ஒரு கரித்துண்டு போட்டு விடுவாங்கல்ல? அத மறந்துட்டா. நடுக்காட்டுலதான் ஞாபகம் வருது.

ம்?

அப்போ பின்னாடி சரக்... சரக்னு காஞ்ச ஓலைய மிதிக்கிற சத்தம். திரும்பினா யாருமில்ல. காதுகிட்ட ஒரு குரல், "பயமா இருக்கா?"

"இல்ல"ன்னா. தொம்! சட்டி மேல என்னமோ ஏறி உக்காந்துச்சு. ஒரு கைப்பிள்ள கனம்.

அப்புறம் விறுவிறுன்னு நடந்தா. சரக் சரக். "பயமா இருக்கா?" "இல்லவே இல்ல!" தொம்! இப்போ ஆட்டுக்கல்லு கனம். கழுத்து ஒடியப் பாக்குது.

அப்புறம் ஓடினா பாரு. கஞ்சி தளக் தளக்னு சிந்துது. சரக்சரக்சரக்! "பயமா இருக்கா?" "இல்லைங்கேன்ல, போ!" தொம்! காலு ரெண்டும் முட்டு வரைக்கும் மணல்ல புதைஞ்சு போச்சு. தூரத்துல அப்பா தள்ளாடுறது தெரியுது. கூப்பிட வாயத் தொறந்தா காத்துதான் வருது.

என்னட்டி, "ம்" சத்தத்தையே காணும்?

அப்போ பேச்சிக்கு அழுகை பொங்கிருச்சு. "ஆமா, பயமாத்தான் இருக்கு. அப்பா செத்துருவாரோன்னு பயமா இருக்கு"ன்னு மெதுவாச் சொன்னா. சொத்துனு கீழ விழுந்துச்சு அது. சட்டி லேசாயிருச்சு, காலும் வெளிய வந்துருச்சு. ஆனா அது போகல, கேட்டியா. அங்கனயே நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது.

"வரணும்னா பின்னால வா. தலையில ஏறாத"ன்னு சொல்லிட்டு, பயந்துக்கிட்டே நடந்தா. அதுவும் சரக் சரக்னு உப்பளம் வரைக்கும் வந்துச்சு. அப்பா மிச்சக் கஞ்சியக் குடிச்சுட்டு நிமிந்து உக்காந்தாரு.

ஏட்டி, என் கைய ஏன் இந்தப் பிடி பிடிக்கே?

"அத்தே... எனக்கும் பயமாத்தான் இருக்கு. அம்மா வந்துருவாள்ல?"

எனக்கும் காலையில இருந்து அதே பயந்தான் தாயி. வா, ஒட்டிப் படு. ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே தூங்குவோம். பேச்சி சட்டிய இறக்கிட்டா, நானும் கதைய இறக்கிட்டேன். தூங்கு.